மீன் பிடிக்கலாம் வாருங்கள் என்றார்கள், ரூ.18,500 பிடுங்கிக்கொண்டார்கள்

நேற்று நள்ளிரவுதான் ஊட்டியிலிருந்து மதுரைக்குத் திரும்பினோம். ஸ்வெட்டர்கள் இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறைக்கு மலையேற நினைப்பவர்கள் முழுவதும் படியுங்கள். ஏமாறாமல் இருக்கப் பத்து யோசனைகள் கடைசியில் தருகிறேன்.

போனது ரூ.18,500. ஏரியோரக் குடிலில் இரண்டு இரவு, வரிசையில் நிற்காமல் தனிப் படகு, ஊட்டிக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் அரை நாள் ட்ரவுட் மீன்பிடிப்பு, எல்லாம் நான்கு பேருக்கும் சேர்த்து. விற்றது சமூக வலைத்தளத்தில் இயங்கும் ஒரு சுற்றுலாப் பக்கம். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள். முப்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே "அருமையான அனுபவம்" என்று ஒரே மாதிரிப் பாராட்டு. அது ஏன் ஒரே மாதிரி இருக்கிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

நான் விழுந்தது மீன்பிடிப்பு என்ற சொல்லில். அப்பாவுக்கு 71 வயது. சிவகங்கைப் பக்கக் கண்மாய்களில் தக்கையும் மண்புழுவுமாக வளர்ந்தவர். கெண்டையா கெளுத்தியா என்று தக்கை ஆடும் விதத்திலேயே சொல்லிவிடுவார். வரலாற்று ஆசிரியர் வேறு. நீலகிரி ட்ரவுட் கதையை எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குவதற்காக வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது. முதலில் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. எச். சி. வில்சன் என்பவர் 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் நிலைத்தது. தண்ணீர் சில்லென்று இருந்தால்தான் அது உயிர்வாழும். "ஒரு தடவையாவது அதைத் தூண்டிலில் பார்த்துவிட வேண்டும்" என்பார் அப்பா. பயணம் முடிவானதும் ஒரு வாரம் திண்ணையில் உட்கார்ந்து, சேவல் இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பதினோரு பொய் ஈக்கள் கட்டினார். ட்ரவுட்டுக்குப் புழுவைவிட ஈதான் என்று எங்கோ படித்திருக்கிறார்.

நம்பிய கணத்தைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டபோது தயங்கினேன். "பாதி இப்போது, பாதி அங்கே வந்து" என்றேன். மறுமுனையில் பேசிய இளைஞன் வற்புறுத்தவே இல்லை. "யோசித்துச் சொல்லுங்கள் அண்ணே" என்றுவிட்டு, "அப்பாவுக்கு எத்தனை வயது? மூச்சு வாங்குமா? அவலாஞ்சியில் காலையில் குளிர் கடுமையாக இருக்கும், காதை மூடும் குல்லா எடுத்து வாருங்கள். ஐயாவுக்கு நான் சுக்குக் காப்பி போட்டு வைக்கிறேன்" என்றான். சுக்குக் காப்பி! அந்த ஒரு சொல்லுக்கு ரூ.18,500 அனுப்பினேன். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் மீன்பிடி அனுமதிச் சீட்டு வந்தது. முத்திரை, கையெழுத்து, அப்பாவின் பெயர், எல்லாம் இருந்தன. அதன் தலைப்பில் "வன மீன்வளத் துறை" என்று போட்டிருந்தது. வனத் துறை உண்டு, மீன்வளத் துறை உண்டு. இரண்டும் கலந்த ஒரு துறை எந்த ஊரில் இருக்கிறது? படித்தவன் நான், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கல்லாறு சோதனைச் சாவடியிலேயே விழித்திருக்க வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் கட்டாயம். அதற்கென்று அந்தப் பக்கத்தார் ரூ.500 வாங்கியிருந்தார்கள் (அந்த ரூ.18,500-க்குள்தான்). அவர்கள் அனுப்பிய பாஸை ஊழியர் ஸ்கேன் செய்தார்; ஒன்றும் வரவில்லை. "இது செல்லாது சார். ஓரமாக நிறுத்தி நீங்களே போனில் பதிவு செய்யுங்கள்" என்றார். கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். இலவசமாம். அன்று வார நாள் என்பதால் இடம் இருந்தது, பாஸ் கிடைத்தது. இதற்குப் பிறகும் "ஏதோ தொழில்நுட்பக் கோளாறு" என்று மனைவிக்கு நானே சமாதானம் சொன்னேன் பாருங்கள், அதற்காகத்தான் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

குடில் இருப்பதாகச் சொன்ன இடத்தில் ஒரு கேரட் தோட்டம் இருந்தது.

மே மாத ஊட்டியில் மாலை ஆறு மணிக்கு அறை தேடுவது எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். கிடைத்த அறையில், கேட்ட காசைக் கொடுத்துப் படுத்தோம். மறுநாள் படகு இல்லத்தில் கவுன்டரில் இருந்தவர் என் போனைப் பார்த்து, "தனிப் படகு என்று வெளியில் யாரும் விற்க முடியாது சார், டிக்கெட் இங்கேதான், வரிசையில் வாருங்கள்" என்றார். இரண்டு மணி நேரம் நின்று துடுப்புப் படகு எடுத்தோம். அப்பா மட்டும் சலிக்கவில்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஓடைகளைத் தடுத்து உண்டாக்கிய ஏரி இது, அந்தக் காலத்தில் இன்னும் பெரிதாக இருந்தது, பஸ் நிலையம் இருக்கும் இடமும் குதிரைப் பந்தய மைதானம் இருந்த இடமும் அப்போது தண்ணீர்தான் என்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அந்த நேரத்தில் பக்கத்தின் படங்களைத் திரும்பப் பார்த்தேன். "நமது ஊட்டிப் படகுச் சவாரி" என்று போட்டிருந்த படத்தில் கூரை வைத்த அலங்காரப் படகு. ஸ்ரீநகர் தால் ஏரியில் ஓடும் ஷிகாரா அது. பின்னால் பனிமலை வேறு!

அவலாஞ்சிக்கும் போனோம், அப்பா கேட்டுக்கொண்டதால். சொந்த வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக வேண்டும். வாயிலில் இருந்த காவலர் அனுமதிச் சீட்டை இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்கு நன்றி. "ஐயா, இது எங்கள் காகிதம் இல்லை. தூண்டிலை உள்ளே கொண்டுபோக முடியாது. காரிலேயே வைத்துவிட்டு ஏரியைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். அப்பா ஈக்கள் இருந்த பழைய பிஸ்கட் டப்பாவைக் காரில் வைத்துப் பூட்டினார். திரும்பும் வழியில், "நான் கட்டிய ஈயைவிட அவன் கட்டியது நன்றாக இருந்திருக்கிறது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு போனில் கேட்ட பதில்கள்: மலையில் சிக்னல் இல்லை. ஓட்டுநர் வழியில் இருக்கிறார். மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார். ஏழு வேலை நாளில் பணம் திரும்பும். இத்தனையும் ஒரே குரல், மேலாளராகப் பேசும்போது மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறான். மூன்றாம் நாள் ஒரு க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்து, ரகசிய பின் (PIN) எண் போட்டால் ரூ.18,500 உடனே திரும்பும் என்றான். போடப் போனேன். மனைவிதான் போனைப் பறித்து, "ஏங்க, பணம் வருவதற்கு எதற்குப் பின் எண்?" என்றாள். நான் விளக்கம் கேட்டு எழுதியதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

வங்கியில், "நீங்களே பின் எண் போட்டுத்தானே அனுப்பினீர்கள்?" என்று முடித்துக்கொண்டார்கள். காவல் நிலையத்தில், பணம் எந்த ஊரிலிருந்து அனுப்பினீர்கள், அங்கே போய்ப் புகார் கொடுங்கள் என்றார்கள். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். உடனே அழைத்திருந்தால் போன கணக்கை முடக்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். நான் அழைத்தபோது பணம் அனுப்பிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ரூ.18,500. அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்து அவர் ஆசையாகக் கொடுத்த ரூ.5,000-மும் அதில்தான் போயிற்று.

பத்து யோசனைகள் என்றேன். எழுதும் பொறுமை இல்லை. இ-பாஸ் இலவசம், நீங்களே அரசு இணையதளத்தில் எடுங்கள். படகு டிக்கெட்டைப் படகு இல்லக் கவுன்டரில் மட்டும் வாங்குங்கள். மீன்பிடிக்க அனுமதி வாங்கித் தருகிறேன் என்று எவன் சொன்னாலும், பணம் கொடுப்பதற்கு முன் ஊட்டி மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய பின் (PIN) எண் தேவையே இல்லை. சந்தேகம் வந்த அந்த மணி நேரத்திலேயே 1930-க்கு அழையுங்கள்.

இதை எழுதும்போது இன்னொரு போனிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே ஷிகாரா படம், "இந்த வாரம் இன்னும் நான்கு இடங்கள் மட்டுமே". கீழே ஒருவர், "குடும்பத்துடன் வருகிறோம், அம்மாவுக்கு மூட்டுவலி, படகில் ஏற முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். "கண்டிப்பாக அக்கா, நான் கைபிடித்து ஏற்றிவிடுகிறேன்" என்று பதில் இருக்கிறது. அதன் கீழே நான் போட்ட எச்சரிக்கை இரண்டு நிமிடம்கூட இருக்கவில்லை.