‘கழுவிய கலவை, நேரடியாக விதைக்கலாம்’ என்ற மூட்டையை நம்பி நாற்றுகளை இழந்தேன்

வீட்டுக்குள் விளக்கு வைத்து நாற்று வளர்ப்பவர்கள், அதிலும் இப்போதுதான் ஆரம்பிப்பவர்கள், விதையைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாற்றுக்கென்றே தயாரித்த மண்கலவை என்று ஒரு மூட்டை வாங்கி ஏமாந்துவிட்டேன். பணம் போனதைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். என் அக்கா ஐந்து வருடமாகப் பழம் பழமாகப் பார்த்து எடுத்து வைத்திருந்த மிளகாய் விதை அதில் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

மூட்டையின் மேல் பெரிய எழுத்தில் இருந்தது இது: கழுவியது, கிருமி நீக்கியது, ஊட்டம் சேர்த்தது, நேரடியாக விதைக்கலாம். உள்ளே தேங்காய் நார்க்கழிவும் தொழு உரமும் கொஞ்சம் பெர்லைட்டும் (கலவையை இலகுவாக்கச் சேர்க்கும் வெள்ளைக் கல் துகள்). எது எவ்வளவு என்று இல்லை. உப்பின் அளவு இல்லை, கார அமில நிலை இல்லை, தயாரித்த தேதி கூட இல்லை. அப்போது அது எனக்கு உறுத்தவே இல்லை. இப்போது எந்த மூட்டையை எடுத்தாலும் முதலில் இதைத்தான் தேடுகிறேன்.

50 குழித் தட்டில் பாதி தக்காளி, பாதி மிளகாய் போட்டேன். தக்காளி ஆறாம் நாள் தலை நீட்டியது. மிளகாய் இரண்டு வாரத்தில் அரைகுறையாக வந்தது. மொத்தம் 31 நாற்று. அப்புறம்தான் ஆரம்பித்தது. வித்திலைகளின் நுனி பழுப்பாகக் கருகியது. நடுவில் வர வேண்டிய அடுத்த இலை கடுகளவில் அப்படியே நின்றுவிட்டது. கலவை தொட்டால் ஈரம், நாற்றோ வாடிக் கிடக்கிறது. ஈர மண்ணில் செடி வாடினால் பெரும்பாலும் வேரில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்; அது அன்று எனக்குத் தெரியாது. தட்டின் விளிம்பில் வெள்ளையாக ஒரு பொருக்கு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். அது உப்பு.

விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. “லைட் ரொம்பப் பக்கத்துல இருக்கு மேடம், தூக்கி வைங்க.” தூக்கி வைத்தேன். நாற்று நெட்டையாக நீண்டு சாய ஆரம்பித்தது. அடுத்து, “தண்ணி ஜாஸ்தி விடுறீங்க மேடம், காய விடுங்க.” காய விட்டேன். இன்னும் மோசமானது. கலவையில் உப்பு அதிகமாக இருக்கும்போது காய விட்டால், தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும், உப்பு அங்கேயே நிற்கும். மீதியிருக்கும் கொஞ்ச ஈரத்தில் அது இன்னும் செறிந்துவிடும். வேருக்கு வெளியே உப்பு கூடக் கூட, பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. அவர் சொன்னபடி செய்து நானே நாற்றுகளைத் தாகத்தில் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது தடவை அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. “சத்து பத்தல மேடம், நம்மகிட்ட வேர் டானிக் இருக்கு, அதைக் குடுங்க.” அதையும் வாங்கி ஊற்றினேன். உரமும் தண்ணீரில் கரைந்தால் உப்புதான். ஏற்கெனவே உப்பில் வெந்துகொண்டிருந்த வேரில் இன்னும் உப்பைக் கொட்டினேன். முளைத்து வந்த நாற்றுக்கு ஆரம்ப நாட்களில் வித்திலையில் இருக்கும் சேமிப்பே போதும். இரண்டு சோடி இலை வந்த பிறகு, அதுவும் சொல்லியிருக்கும் அளவில் கால் பங்கு கொடுத்தால் போதும். கோளாறு எதுவென்று தெரியாமல் டானிக் விற்பவரை நம்பாதீர்கள்.

மூன்று நாளில் தண்டுகள் சாய்ந்தன. மண்ணை ஒட்டிய இடத்தில் நூலைக் கட்டி இறுக்கியது போல ஒடுங்கி, தண்ணீர் கோத்த நிறத்தில் இருந்தது. நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற கிருமிகள் செய்யும் வேலை. இதில் முழுப் பழியையும் மூட்டை மேல் போட மாட்டேன். முளைத்த பிறகும் நான் தட்டின் மூடியைக் கழற்றாமல் வைத்திருந்தேன், காற்றோட்டம் இல்லை. ஆனால் உப்பால் புண்பட்ட வேருக்குள் பித்தியம் சுலபமாக நுழைந்துவிடும். விழுந்த ஒன்றைக் குழியிலிருந்து மெல்லத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளையாக, கிளை விட்டிருக்க வேண்டிய வேர் ஒரே ஒரு பழுப்பு நூலாக, என் சுண்டுவிரல் நகத்தின் நீளத்தில் முடிந்திருந்தது. நுனியைத் தொட்டதும் தோல் உரிந்து கையில் வந்தது. விற்றவரின் பதில்: “அது விதையிலயே இருந்த நோய் மேடம்.”

அக்காவின் விதையைச் சொன்னதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தெரிந்தவரிடம் ஒரு ஈ.சி. மீட்டர் கேட்டு வாங்கினேன். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மின்கடத்தும் திறனை வைத்துக் காட்டும் சின்னக் கருவி. மூட்டையிலிருந்து ஒரு கிண்ணம் கலவை, அதே கிண்ணத்தால் இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் விட்டு, மேலே தெளிந்ததில் மீட்டரை வைத்தேன். இந்த முறையில் நாற்றுகளுக்கு 0.75-க்குள் இருந்தால் நல்லது (அளவெல்லாம் மில்லிசீமன்ஸ்/செ.மீ.). 1.25-க்கு மேல் போனாலே அதிகம். 2.25-ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகளுக்கு ஆபத்து. என் மூட்டை காட்டியது 2.6. நான் டானிக் எதுவும் ஊற்றாத, மூட்டையின் அடியிலிருந்து எடுத்த கலவை அது.

நார்க்கழிவில் இவ்வளவு உப்பு எங்கிருந்து வருகிறது? தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், குளோரைடு எல்லாம் இயல்பாக உண்டு. மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தால் சோடியமும் சேர்ந்துவிடும். அதனால்தான் விற்பதற்கு முன் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவ வேண்டும். கழுவினால் மட்டும் போதாது என்பதையும் அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். சோடியமும் பொட்டாசியமும் கொஞ்சம் நாரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், வெறும் தண்ணீருக்கு அசையாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊற வைத்தால் கால்சியம் போய் அந்த இடத்தைப் பிடித்து அவற்றை வெளியே தள்ளும். இதைச் செய்யாத நார், பிறகு நாம் கொடுக்கும் கால்சியத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். புது இலைகள் சுருண்டு, ஓரம் கருகி வரும். பார்ப்பவர்கள் பூச்சி என்பார்கள், வெயில் என்பார்கள்.

ஒரு வாளிக் கலவையைக் கழுவிப் பார்த்தேன். முதல் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் வடிந்தது. மீட்டர் 2.9. இரண்டாவது 1.8. மூன்றாவது 1.1. ஐந்தாவது தடவைதான் 0.6-க்கு வந்தது, நிறமும் வெளுத்தது. (உங்கள் குழாய்த் தண்ணீரின் அளவை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலேயே 0.4 இருந்தால் வடிநீர் அதற்குக் கீழே இறங்காது.) ஐந்து முறை கழுவிய பிறகு வர வேண்டிய அளவு அது. மூட்டை மேல் ‘கழுவியது’ என்று அச்சடித்தவர்கள் ஒரு முறையாவது கழுவினார்களா என்று எனக்குச் சந்தேகம்.

உப்போடு முடியவில்லை. கொஞ்சம் கலவையை நனைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி மூன்று நாள் வைத்தேன். திறந்ததும் அம்மோனியா மூக்கில் ஏறி கண் எரிந்தது. தொழு உரம் முழுதாக மக்கவே இல்லை. மக்கிய உரத்தில் மழை பெய்த மண்ணின் வாசம்தான் வரும். அரைகுறையாக மக்கியது சூடாகும், அம்மோனியா விடும், இரண்டுமே இளம் வேரைச் சுடும். அதோடு அந்த மூட்டையிலிருந்து கறுப்பாகச் சின்ன ஈக்களும் வந்தன, கிருமி நீக்கிய மூட்டையாம். கலவை மேல் ஒரு உருளைக்கிழங்குத் துண்டை வைத்து இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால் கறுப்புத் தலையோடு கண்ணாடிப் புழுக்கள். அவை நுனி வேரைத் தின்னும். மஞ்சள் ஒட்டும் அட்டை வைத்தேன், மேல் மண்ணைக் காய விட்டேன், குறைந்தது.

இன்னொன்று. எனக்கு நடக்கவில்லை, ஆனால் தொழு உரம் சேர்ந்த எந்தக் கலவைக்கும் பொருந்தும். மாடு தின்ற வைக்கோலில் அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைக்கொல்லி அடித்திருந்தால், அது மாட்டின் வயிற்றைத் தாண்டி, சாணத்தைத் தாண்டி உரத்திலும் உயிரோடு நிற்கும். தக்காளியும் பீன்ஸும் அதைக் கொஞ்சமும் தாங்காது. புது இலைகள் கிண்ணம் போலக் குவிந்து முறுக்கிக்கொள்ளும். அதற்குக் கழுவுவது மருந்தில்லை, அந்த உரத்தையே விட்டுவிட வேண்டும்.

அதனால் இனி எந்த மூட்டை வாங்கினாலும் நான் நல்ல விதையை முதலில் போடப்போவதில்லை. ஒரு கிண்ணத்தில் அந்தக் கலவை, இன்னொன்றில் நான் ஏற்கெனவே நம்பிப் பயன்படுத்தும் கலவை, இரண்டிலும் பத்துப் பத்து பீன்ஸ் விதை. இரண்டு, மூன்று வாரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வாங்கும் முன் விற்பவரிடம் ஈ.சி. எவ்வளவு, கால்சியத்தில் ஊற வைத்ததா, தொழு உரம் எத்தனை மாதம் மக்கியது என்று கேளுங்கள். “நம்ம கஸ்டமர் யாரும் கம்ப்ளெயின்ட் சொன்னதில்ல” என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீட்டர் காட்டிய அளவைப் படமெடுத்து அனுப்பினேன். “மீட்டர் தப்பா இருக்கும் மேடம்” என்றார். 1.413 என்று அளவு குறித்த சோதனைக் கரைசல் வாங்கி, அதில் மீட்டர் சரியாக 1.41 காட்டுவதையும் படமெடுத்து அனுப்பினேன். அதன் பிறகு பதிலே இல்லை. பணத்தைத் திருப்பித் தரவில்லை, டானிக் பணத்தையும் சேர்த்து.

அக்காவிடம் சொன்னேன். திட்டவில்லை. உறைக்குள் மீதியிருந்த 12 விதையை அனுப்பி வைத்தாள். வேறு இடத்தில் வாங்கிய நார்க்கழிவை நானே கழுவி, கால்சியத்தில் ஊற வைத்து, பெர்லைட் மட்டும் சேர்த்து, 0.5 என்று பார்த்த பிறகுதான் விதைத்தேன். ஒன்பது முளைத்திருக்கிறது. நேற்று ஒரு குழியைக் கவிழ்த்துப் பார்த்தேன், வேர் வெள்ளையாக அடிவரை இறங்கியிருக்கிறது.