ஆறு மிதவை என்றார்கள், நாலு கான் போட்டார்கள்

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஒரு விளம்பரம் சுற்றுகிறது. நீர்ச்சறுக்கு ஸ்லாலம் (படகு இழுக்க, ஒற்றைப் பலகையில் மிதவைகளைச் சுற்றிச் சுற்றிப் போவது), ஆறு நாள் முகாம், சம்பியனே நேரில் நின்று பழக்குவார் என்று. போன ஆடியில் அதே ஆளிடம் 60,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டு போனவன் நான். காசு கட்டுவதற்கு முதல் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

பெந்தோட்டையில் நீர் விளையாட்டுக்காரர் ஒருவரிடம் இரண்டு வருடம் வேலை செய்தேன். ஜக்கெட் கழுவுவது, விழுந்த வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றுவது எல்லாம் என் வேலை. ஓய்ந்த நேரங்களில் இரண்டு பலகையில் நிற்கப் பழகி, பிறகு ஒற்றைப் பலகைக்கு வந்தேன். ஸ்லாலமும் தெரிந்தால் மாலைதீவில் வேலை எடுக்கலாம் என்று கூட இருந்த பெடியன் சொன்னான். அதில் பிடித்த ஆசை.

போனில் கதைத்த முதல் நாளே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பயிற்சி நந்திக்கடல் களப்பில் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை வீசுகிற இடத்தில் விழுந்து எழும்பிப் பழகுவதா? சொன்னவுடனே, "அப்ப குளத்துக்கு மாத்துவம் தம்பி" என்றார். ஆழம் பார்க்காமலே இடம் குறித்த மனிதர். அப்படி இருந்தும் அவருடைய சொந்தக் கணக்குக்கு 30,000 ரூபாய் வைப்பிலிட்டேன். பதக்கங்களைக் கழுத்தில் போட்டபடி நின்ற படம் என் கண்ணை மறைத்துவிட்டது.

எந்தக் குளம் என்று எழுதவில்லை. அங்கே மீன்பிடிக்கிற ஆட்கள் எங்களுக்குத் தேத்தண்ணி தந்து உதவியவர்கள், அவர்களுக்கு வம்பு வேண்டாம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து குளம் வற்றிக்கொண்டிருந்த நேரம். பட்ட மரங்களின் தலைகள் அங்கங்கே வெளியே தெரிந்தன. போதாததற்குச் சோளகக் காற்று. விடியற்காலையில் கண்ணாடி மாதிரிக் கிடக்கும் தண்ணீர் எட்டு மணிக்கு மேல் கொந்தளிக்கும். நாங்கள் தொடங்கியதோ ஒன்பதரைக்கு, சம்பியன் எழும்புகிற நேரம் அது.

சரி, படகுக்கு வருவோம். 18 அடி பைபர் படகு, 25 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம். எங்கள் வீட்டு வளவில் கவிழ்த்துக் கிடப்பதும் அதே சாதிதான். படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். "உந்த எஞ்சினுக்கு வலையே பாரம், அதுக்குள்ள நீ வேறை தொங்கப் போறியோ?" என்றார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஆழத் தண்ணீரில் ஒற்றைப் பலகையோடு கிடக்கும் 72 கிலோ ஆளைத் தூக்கி நிறுத்த அந்த இயந்திரத்துக்கு வலு இல்லை. மரக்குற்றியை இழுப்பது போல இழுத்துக்கொண்டு போனது, நான் குளத்தைக் குடித்துக்கொண்டு போனேன். இரண்டு பலகையில் எழும்பினாலும் நான் பக்கவாட்டில் சாய்ந்து இழுக்கும்போது படகின் வேகம் படுத்தது, விட்டவுடன் பாய்ந்தது. ஸ்லாலத்துக்கு இதைவிடக் கேடு இல்லை. போட்டியில் ஆண்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீற்றர், பெண்களுக்கு 55. பழகுகிறவர்கள் அதைவிட எவ்வளவோ குறைவாகத்தான் போவார்கள். ஆனால் எந்த வேகமானாலும் அது மாறாமல் நிற்க வேண்டும். கயிறு கட்ட படகின் நடுவில் ஒரு கம்பம்கூட இல்லை, பின்மூலையில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு இழுவைக்கும் படகே திரும்பிப் பார்த்தது.

ஸ்லாலம் பாதை 259 மீற்றர் நீளம். நுழைய ஒரு வாயில், வெளியேற ஒரு வாயில், இடையில் பக்கம் மாறி மாறி ஆறு மிதவைகள். ஒவ்வொன்றும் நடுக்கோட்டில் இருந்து 11.5 மீற்றர் தள்ளி இருக்கும். உச்ச வேகத்தில் ஆறையும் சுற்றிவிட்டால் பிறகு கயிற்றைக் குறைப்பார்கள்: 18.25 மீற்றர், 16, 14.25, 13, 12, 11.25. 11.25 அளவுக்கு வந்தால் கயிறு மிதவை வரை எட்டாது. மிச்சத்தை உடம்பையும் கையையும் நீட்டித்தான் எட்ட வேண்டும். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒருவரிடம் நேரில் கேட்கத்தான் நான் போனேன்.

அங்கே இருந்தவை நாலு மஞ்சள் எண்ணெய்க் கான்கள். கல்லில் கட்டி, காற்றுக்குப் பறக்காமல் கால்வாசி தண்ணீரும் நிரப்பியிருந்தார்கள். உண்மையான மிதவை மெதுமையானது, ஏறினாலும் அமுங்கும். வவுனியாவில் இருந்து வந்த தம்பி ஒருவன் கானில் மோதி முழங்காலுக்குக் கீழே வீங்கிப் படுத்தான். வாயிலைக் கேட்டதற்கு, "மனசில வைச்சுக்கொள்ளுங்கோ" என்று பதில்.

இரண்டாம் நாள் சம்பியன் தானே இறங்கினார். உள்ளதைச் சொல்ல வேண்டும், ஆள் கெட்டிக்காரர். அகலமான குட்டைப் பலகையில் நின்று திரும்பினார், முதுகைக் காட்டிக்கொண்டு சறுக்கினார். குளக்கட்டில் நின்ற சனம் விசிலடித்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. போட்டியில் ஸ்லாலம், வித்தை, பாய்ச்சல் மூன்றும் வேறு வேறு. ஸ்லாலம் பலகை நீளம், ஒடுக்கம், அடியில் துடுப்பு இருக்கும். வித்தைப் பலகைக்கு அது இல்லை. வித்தைக்கு வேகமும் குறைவு, அந்தப் படகு அவருக்குக் காணும். பின்னேரம் கேட்டேன். "எல்லாம் ஒண்டுதான் தம்பி, தண்ணியும் பலகையும்தானே." அவர் வித்தையில் சம்பியனாக இருந்திருக்கலாம். அவரை ஒரு தடவைகூட ஒற்றை ஸ்லாலம் பலகையில் நான் காணவில்லை. அன்று முழுக்க அவருடைய உதவியாள் அவரை வீடியோ எடுத்தபடியே இருந்தார்.

அன்று இரவே மிச்சம் 30,000 ரூபாயையும் கையில் வாங்கினார், பற்றுச்சீட்டு இல்லை. மூன்றாம் நாள் காலை ஆள் இல்லை. கொழும்பில் அவசரமாம். படகு உதவியாளின் கையில். பின்னால் பார்த்துக்கொண்டு இருக்க ஒருவர் வேண்டும், பெந்தோட்டையில் அந்த ஆள் இல்லாமல் ஒரு படகும் புறப்படாது. இங்கே யாரும் இல்லை. நான் விழுந்ததே அவருக்குக் கொஞ்ச நேரம் தெரியாது. பிறகு திரும்பி வந்தார், இயந்திரத்தை நிறுத்தாமல், விசிறி சுற்றச் சுற்ற, நேரே என்னை நோக்கி. கத்திக்கொண்டு பக்கத்தில் புரண்டதில் தோள்மூட்டு இழுபட்டது. அதோடு நாங்கள் ஐந்து பேரும் கரையேறிவிட்டோம்.

காசைத் திருப்பிக் கேட்டால், காலநிலையால் நின்ற முகாமுக்குக் காசு திரும்பாது என்று ஒரு நிபந்தனை அனுப்பினார். அதை அதற்கு முதல் நாங்கள் கண்டதில்லை. வங்கிச் சிட்டையையும் வட்ஸ்அப் கதைகளையும் வைத்துப் பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் எடுத்துச் சொன்னேன்.

யாராவது போகத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் படகின் படத்தையும் இயந்திரத்தின் குதிரைவலுவையும் கேளுங்கள். அப்புறம் ஒற்றைப் பலகையில் ஆறு மிதவையையும் அவர் சுற்றுகிற வீடியோவைக் கேளுங்கள்.

இந்தத் தடவை முகாம் மன்னாரிலாம். விளம்பரத்தில் சிவப்பு ஜக்கெட் போட்டு, கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டு நிற்கிறானே ஒருவன், அது நான்தான். முதல் நாள், தண்ணீரில் இறங்குவதற்கு முன் எடுத்த படம்.