நான்கு வயதில் ஏற்றினோம், ஏழு வயதில்தான் கற்றாள்: மகளின் குதிரையேற்றப் பயிற்சி

மகளுக்கு இப்போது 10 வயது. குதிரையேற்றப் பயிற்சியில் சேர்த்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆகின்றன; நடுவில் ஒன்றரை ஆண்டு நிறுத்தி வைத்திருந்தோம். எத்தனை வயதில் சேர்க்கலாம் என்று கேட்கும் பெற்றோரிடம் இப்போது தயங்காமல் சொல்கிறேன்: குதிரையோடு பழக 4 வயது போதும். பயிற்சி என்று பணம் கட்டுவதற்கு 7 வயது வரை பொறுங்கள். இந்தப் பதிலை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

மெரினா மணலில் ஒரு மாலை குதிரையில் ஏற்றி ஒரு சுற்று அழைத்துப் போனார்கள். இறங்க மாட்டேன் என்று அழுதாள். அந்த அழுகையை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு, சென்னைக்கு வெளியே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். அப்போது அவளுக்கு நான்கே கால் வயது. வயதைக் கேட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டார்களே தவிர, சின்னக் குழந்தையாயிற்றே என்று ஒருவரும் சொல்லவில்லை.

குதிரையை முன்னே செலுத்துவது கடிவாளம் அன்று, ஏறியவரின் கால். கெண்டைக்காலால் விலாவில் லேசாக அழுத்தினால் அது நடக்கும். என் மகளின் காலோ சேணத்தின் பக்கத்தோலைத் தாண்டிக் கீழே இறங்கவே இல்லை. அவள் குதிகாலால் தட்டத் தட்ட, தோல்தான் 'தொப் தொப்' என்று சத்தம் போட்டது. குதிரைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் கயிற்றைப் பிடித்து இழுத்துப் போக, இவள் மேலே உட்கார்ந்திருந்தாள். ஓராண்டுக்கும் மேலாக வாரம் இரண்டு நாள் இதற்குத்தான் கட்டணம் கட்டினோம். மெரினாச் சவாரிக்கும் இதற்கும் ஒரே வேறுபாடு, தலையில் ஹெல்மெட் இருந்தது.

நம் ஊர்ப் பள்ளிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளே இருக்கின்றன. அவை 15, 16 கை உயரம் நிற்கும். ஒரு கை என்பது 4 அங்குலம். ஒரு மீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு 12 கை அளவில் ஒரு மட்டக்குதிரை வேண்டும். சேர்ப்பதற்கு முன் லாயத்துக்குள் போய், நம் குழந்தைக்கு ஏற்ற மட்டக்குதிரை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை.

ஐந்தரை வயதில் விழுந்தாள். கயிற்றைப் பிடித்திருந்தவர் திடீரென ஓட்டத்துக்கு மாற்றினார். துள்ளலில் நிலைதடுமாறியவள், குழந்தைகள் எல்லாரும் செய்வதைப் போலக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கினாள். குதிரை தலையை உதறியது. பக்கவாட்டில் சரிந்து மணலில் விழுந்தாள், தலையும் இடித்தது. எழுப்பி, மண்ணைத் தட்டிவிட்டு, பயம் தங்கிவிடக் கூடாது என்று சொல்லி உடனே மறுபடி ஏற்றினார்கள். அருகில் நின்றும் நான் தடுக்கவில்லை. இந்த ஆறு ஆண்டுகளில் நான் மிகவும் வருந்துவது அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். தலையில் அடிபட்டால் அன்றைக்குச் சவாரி முடிந்தது. மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். இடிபட்ட ஹெல்மெட்டையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே அதிர்ச்சியைத் தாங்கும் அடுக்கு நசுங்கியிருக்கலாம். நல்லவேளையாக அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன்பின் அந்த வழியே போனாலே என் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். நிறுத்திவிட்டோம்.

ஏழு வயதை நெருங்கும்போது அவளே மறுபடி கேட்டாள். இந்த முறை வேறு பள்ளி. பயிற்சியாளர் ராணுவக் குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வயதைக் கேட்கவில்லை. தரையில் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். கைகளை விரித்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். "நில் என்றால் நிற்க வேண்டும் பாப்பா, சரியா?" என்று சொல்லிவிட்டு ஓடச் செய்து, நடுவில் "நில்" என்றார். நின்றாள். "நான்கு வயதில் இதைச் செய்திருப்பாளா அம்மா?" என்று என்னிடம் கேட்டார். செய்திருக்க மாட்டாள். ஒரு சொல்லுக்கு முதல் தடவையிலேயே கட்டுப்படுவது, உடம்பை நிமிர்த்திச் சமன் செய்வது, அரை மணி நேரம் ஒன்றில் மனம் வைப்பது, பயமாக இருந்தால் வாய்விட்டுச் சொல்வது. அவர் பார்த்தது இவற்றைத்தான். சில குழந்தைகளுக்கு இது 6 வயதில் வந்துவிடுகிறது, சிலருக்கு 8 ஆகிறது.

முதல் மூன்று வாரம் ஏற்றவே இல்லை. குதிரையின் நேர் பின்னாலும் முகத்துக்கு நேர் முன்னாலும் அதற்குப் பார்வை கிடையாது. அதனால் இடது தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. தீனியை விரல் மடக்காமல் உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும். பிறகு குளம்பு. கொக்கியால் மண்ணையும் கல்லையும் குதிகால் பக்கமிருந்து நுனி நோக்கி எடுக்க வேண்டும். நடுவில் முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதியில் கொக்கி படக் கூடாது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முக்கோணத்தின் ஓரமாகக் கொக்கியை நகர்த்தியதை இன்றும் மறக்க முடியவில்லை. அரை டன் எடையுள்ள ஓர் உயிர் தன் காலை இவள் கையில் கொடுத்துவிட்டு நின்றது. அவளுடைய பயம் போனது அங்கேதான், சேணத்தின் மேல் அன்று.

நான்காவது வாரம் ஏறினாள். கையில் கடிவாள வாரே கொடுக்கவில்லை. நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிட்டு, சேணத்தின் முன்பக்க வாரைப் பிடித்து உட்காரப் பழக்கினார். "கடிவாளத்தின் இரும்பு குதிரையின் நாக்கின் மேல் கிடக்கிறது பாப்பா. உன் உடம்பு ஆடாமல் நிற்கும் நாளில் வாரைத் தருகிறேன்" என்றார். இரண்டு மாதம் கழித்துத் தந்தார். ஐந்து வயதில் அவள் தொங்கியபோது அந்தக் குதிரைக்கு எப்படி வலித்திருக்கும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. மெல்லோட்டமான துள்ளு நடையில் தாளத்துக்கு ஏற்ப எழுந்து அமர நான்கு மாதம் பிடித்தது. மூன்று குளம்படி ஓசை கேட்கும், அதைவிட வேகமான பாய்ச்சல் நடைக்கு 9 வயதில்தான் போனாள்.

செலவில் ஹெல்மெட்டுக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். சைக்கிள் ஹெல்மெட்டும் பைக் ஹெல்மெட்டும் இதற்கு ஆகா. குதிரையேற்றத்துக்கென்றே உள்ள ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 அல்லது பி.ஏ.எஸ். 015 தரக்குறியீடு உள்ளே ஒட்டியிருக்கிறதா பாருங்கள். வளர வளர மாற்றவும் வேண்டும். பெரிதாக வாங்கினால் நாளைக்கும் ஆகும் என்ற கணக்கு இங்கே ஆபத்து. காலணிக்குச் சிறிய குதிகால் உயர்வு கட்டாயம். இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும், காலை வைக்கும் வளையம்) நழுவி மாட்டிக்கொள்ளும், விழும்போது குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலுக்குக் காலை 6 மணி வகுப்பைத் தவிர வேறொன்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெருமூளை வாதம் போன்ற நிலை உள்ள குழந்தைகளுக்குக் குதிரையின் நடையசைவைச் சிகிச்சையாகவே கொடுக்கிறார்கள். அது சிகிச்சையாளர் அருகிலிருந்து செய்யும் தனி வழி. வயதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மகனுக்கு இப்போது 5 வயது. அக்காவோடு லாயத்துக்கு வருகிறான், ஏறுவதில்லை. ஒரு முக்காலியின் மேல் நின்று மட்டக்குதிரையின் தோளைத் தூரிகையால் தேய்க்கிறான்; நான் பின்னால் பிடித்துக்கொள்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை குளம்புக் கொக்கியைக் கேட்டுக் கை நீட்டினான். "உனக்கு இன்னும் நாள் இருக்கிறது தம்பி" என்று சொல்லிவிட்டு, பிடரி மயிருக்கான சீப்பை அக்கா எடுத்துக் கொடுத்தாள்.