கரையிலிருந்து இறங்குவதா, படகிலிருந்து குதிப்பதா?

"ஏ மாப்ள, நடந்தே போயி முங்குததுக்கா பாலி வரைக்கும் வந்தோம்?" பாளையங்கோட்டையிலிருந்து கூட வந்த மச்சான் துலாம்பென் கடற்கரையில் கேட்டது இது. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கும் ஸ்கூபாவுக்குத்தான் போயிருந்தோம். துலாம்பெனில் கரையிலிருந்து ஐந்து முறை, மெஞ்சாங்கான் தீவில் படகிலிருந்து இரண்டு முறை இறங்கினோம். நான் கரைக் கட்சி. படகில் எனக்குக் குமட்டும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூரில் இந்தக் கேள்வியே எழாது. தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் குறைவு. பவளப்பார் தீவுகளைச் சுற்றித்தான், படகில்லாமல் ஆகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா வேறு. துலாம்பெனிலோ கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் லிபர்ட்டி கப்பல் கிடக்கிறது. 1942-ல் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிக் கரைதட்டியது, 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. அதே கரையில் கொஞ்சம் தள்ளிப் பவளச் சுவர், செங்குத்தாக.

செலவு கரையில் குறைவு. நேரமும் நம் கையில். இதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது ஏறி வருவதைப் பற்றி. ஆழத்தில் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குத்தான் மேலே வரும்முன் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கச் சொல்கிறார்கள். மெஞ்சாங்கானில் அங்குள்ள பவளச் சுவரை விட்டு விலகி வந்து, சுற்றிலும் வெறும் நீலத்தில் நின்றோம். பிடிக்க ஒன்றுமில்லை, பார்க்கவும் ஒன்றுமில்லை. கண் கையில் கட்டியிருந்த, ஆழம் காட்டும் கணினியிலேயே. அப்படியும் இருமுறை 3 மீட்டருக்கு மிதந்துவிட்டேன். துலாம்பெனில் சுவரை விட்டுத் திரும்பினால் சரிவே மெல்ல மெல்ல நம்மை மேலே கொண்டுவருகிறது. 5 மீட்டரில் கருமணல், கல், இண்டு இடுக்கில் இறால். 3 நிமிடம் நிற்க வேண்டியவன் கால் மணி நேரம் இருந்தேன். காற்று மட்டும் மிச்சம் இருக்க வேண்டும்: சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பார் இருக்க இறங்கினால் 110-இல் திரும்பிவிடுவேன். அதனால் சுவரோடு இருக்கும் நேரம் படகைவிடக் குறைவு, மறைக்கவில்லை.

கரையின் கெட்ட பக்கம் கல். கருங்கல் உருண்டைகள், அலை அடித்ததும் காலடியில் புரளும். ஊர்ப் பெண்கள் அதே கல்லில் தலையில் சிலிண்டரைச் சுமந்து சாதாரணமாக நடக்கிறார்கள். தாமிரபரணிக் குறுக்குத்துறைப் பாசிப் படியில் பழகிய தைரியத்தில் மச்சான் நிமிர்ந்து நடந்தான், மூன்றாம் நாள் விழுந்தான். வாய்க்குழாயைக் கழற்றாததால் தண்ணீர் குடிக்கவில்லை. அதன்பிறகு இருவருமே தவழ்ந்துதான் கரையேறினோம்.

நீரோட்டம் பலமான இடத்தில் நான் இறங்கியதில்லை. அங்கே எங்கே மிதந்தாலும் வந்து எடுத்துக்கொள்ளும் படகுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

மச்சான் இன்னும் படகுக் கட்சிதான். முழங்கால் ஆற மூன்று வாரம் ஆனதாம்.