நாய்க்கு நடை தரச் சொல்லும் சட்டங்கள்: மணிக் கணக்கா, சங்கிலிக் கணக்கா?

நாயை எப்போதும் கட்டியே வைத்து, நடக்க விடாமல் இருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். சொன்னால் நிறையப் பேர் நம்புவதில்லை. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவிலேயே இருக்கிறது: வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைக்கும் நாய்க்கு நியாயமான அளவு நடமாட்டம் தராத உரிமையாளர் வதை செய்தவர் ஆகிறார். அதற்கு முந்தைய உட்பிரிவு, ரொம்பவும் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டி வைப்பதைத் தடுக்கிறது. மாநிலங்களவையில் இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் இந்தச் சட்டத்துக்கு விதை. நாட்டியத்துக்காக அவரைத் தெரிந்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அந்தக் காசுக்கு இன்று உருப்படியாக ஒரு கழுத்துப்பட்டைகூட வராது.

சரி, மற்ற நாடுகள் இதே விஷயத்தை எப்படி எழுதியிருக்கின்றன? ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு நாய்களை வைத்து உரசிப் பார்க்கப் போகிறேன். ஒன்று, எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே பகலெல்லாம் மூன்றடிச் சங்கிலியில் கிடக்கும் காவல் நாய். இன்னொன்று, கணவன் மனைவி இருவரும் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினால் இரவு எட்டு வரை மூன்றாவது மாடி ஃபிளாட்டில் தனியாகக் கிடக்கும் லாப்ரடார். முதல் நாயைத் தெருவே பார்க்கிறது. இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை, குரைப்பு மட்டும் கேட்கும்.

எத்தனை தடவை என்று எண்ணிக்கை போடத் துணிந்தது இத்தாலியின் டுரின் நகரம். 2005இல் அந்த மாநகராட்சி, நாயை ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது வெளியே கூட்டிப் போக வேண்டும் என்று விதித்தது. தவறினால் 500 யூரோ வரை அபராதம். சைக்கிளில் போய்க்கொண்டே நாயை ஓட வைக்கலாம், ஆனால் அது களைத்துப்போகக் கூடாது என்பதுவரை எழுதினார்கள். யார் எண்ணுவது? அக்கம்பக்கத்தார் போட்டுக் கொடுத்தால்தான் உண்டு. நம் அடுக்ககங்களில் இப்படி ஒரு விதி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பார்க்கிங் தகராறு முழுக்க நாய் வழக்காக மாறிவிடும். மாடிப்படி நாய்க்கு இது உதவலாம், ஏனென்றால் அது போகாததை எல்லோரும் பார்க்கிறார்கள். லாப்ரடார் இரண்டு முறை போனதா, மூன்று முறை போனதா என்று எதிர்வீட்டுக்காரர் கணக்கு எழுத வேண்டும்.

ஜெர்மனி 2020இல் அதே வழியில் போகப் பார்த்தது. அப்போதைய வேளாண் அமைச்சர் யூலியா க்ளோக்னர், நாளுக்கு இரண்டு முறை, மொத்தம் ஒரு மணி நேரம் என்று வரைவு வெளியிட்டார். கேலியும் எரிச்சலும் சேர்ந்து கிளம்பின. கிழட்டு நாய்க்கும் ஒரு மணி நேரமா, ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டுநாய்க்கும் அதேதானா என்ற கேள்வி நியாயமானது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், முயலைத் துரத்தவே பிறந்த சிப்பிப்பாறைக்கும் மூச்சு வாங்கும் பக் நாய்க்கும் ஒரே கடிகாரம் வைப்பது போல. சென்னையில் மே மாதம் மதியம் தார்ச்சாலையில் ஒரு மணி நேரம் கூட்டிப் போனால் அதுவே வதை.

2021இல் விதி இறுதியானபோது கடிகாரம் காணாமல் போயிருந்தது. கூண்டுக்கு வெளியே, திறந்த வெளியில் போதுமான நடமாட்டம் வேண்டும், பார்த்துக்கொள்ளும் மனிதருடன் நாளுக்குப் பல முறை பழக வேண்டும் என்று மட்டும் நின்றது. இதைத் தோல்வி என்று சொன்னவர்கள் அதே திருத்தத்தின் மற்ற வரிகளைப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். நாயைக் கட்டி வைத்து வளர்ப்பது அடியோடு தடை. வேலை செய்யும் நாய்க்கு, வேலை நேரத்தில், ஆள் கூட இருந்தால் மட்டும் விலக்கு. முள் கழுத்துப்பட்டைக்கும் தடை. கூண்டுக்கு நாயின் உயரத்தைப் பொறுத்து 6, 8, 10 சதுர மீட்டர் என்று ஏற்கெனவே அளவு உண்டு. கூண்டிலிருந்து வெளியே பார்க்க வழி இருக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. இது எனக்குப் பிடித்த வரி. சும்மா கிடக்கும் நாய்க்குத் தெருவைப் பார்ப்பதும் ஒரு பிழைப்புதான்.

மாடிப்படி நாயின் வழக்கு இங்கே ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். எத்தனை மணி நேரம் நடந்தது என்று யாரும் கேட்க வேண்டாம். சங்கிலி இருக்கிறதா, இருக்கிறது, அவ்வளவுதான். லாப்ரடாருக்கு ‘போதுமான’ என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். அதை வைத்து வக்கீல்கள் பிழைக்கலாம்.

அந்த ஃபிளாட் நாயை நேராகக் குறிவைப்பது சுவீடன். பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வெளியே விட வேண்டும், குட்டிக்கும் வயதான நாய்க்கும் இன்னும் அடிக்கடி. இதுவும் எண்தான், ஆனால் டுரின் எண்ணைவிடப் புத்திசாலித்தனமானது. எவ்வளவு தூரம், எத்தனை தடவை என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு இருக்கலாம் என்று கேட்கிறது. எட்டரைக்குப் பூட்டி எட்டு மணிக்குத் திறக்கும் வீடு இதில் தப்பவே முடியாது. மதியம் யாராவது வந்து கூட்டிப் போயே ஆக வேண்டும்.

ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதியான கான்பெரா 2019இல் வேறு கணக்குப் போட்டது. ஒரு நாயை 24 மணி நேரம் தொடர்ந்து அடைத்து வைத்தால், அடுத்த இரண்டு மணி நேரம் தாராளமாக நடமாட விட வேண்டும். விலங்குகளுக்கு உணர்வு உண்டு என்று ஒப்புக்கொண்ட அதே திருத்தத்தில் வந்தது என்பதால் உலகச் செய்தியாக ஓடியது. எனக்கு இதில் ஒரு குறை. மாடிப்படி வீட்டில் நானே ஒரு நாள் கேட்டேன். “ராத்திரி கேட்டைப் பூட்டிட்டு அவுத்து விட்டுர்றோமே சார்” என்றார்கள். உண்மைதான், விடுகிறார்கள். அப்படியானால் 24 மணி நேரம் ஒருபோதும் நிறைவதே இல்லை, கடிகாரம் தினமும் சுழியத்துக்குத் திரும்பிவிடுகிறது. சுவிட்சர்லாந்துச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறது: கட்டி வைக்கும் நாய்க்குப் பகலில் ஐந்து மணி நேரமாவது கட்டில்லாத நடமாட்டம், மற்ற நேரத்தில் ஓடுகம்பியில் (சங்கிலி நகர்ந்து ஓடும் நீளக் கம்பி) 20 சதுர மீட்டர் இடம். கட்டுண்டு கழிந்த நேரம் நடைக் கணக்கில் சேராது.

அந்த நாடு இன்னொன்றும் செய்து பார்த்தது. 2008 முதல், நாய் வாங்கியவர் பயிற்சி வகுப்புக்குப் போவது கட்டாயம். முதல் தடவை வளர்ப்பவருக்கு நாய் வருவதற்கு முன்பே பாடம், வந்த பின் நாயுடன் சேர்ந்து செய்முறை. யோசனை அருமை. ஆனால் ஐந்தில் ஒருவர் போகவே இல்லை, பலன் தெரிந்ததாகவும் காட்ட முடியவில்லை. 2016 முடிவில் தேசிய அளவில் கைவிட்டார்கள், சில மாநிலங்கள் மட்டும் தங்கள் வகுப்பை வைத்துக்கொண்டன.

இங்கிலாந்தின் 2006 விலங்குநலச் சட்டத்தில் நடை என்ற பேச்சே பெரிதாக இல்லை. இடம், உணவு, இயல்பாக நடந்துகொள்ள வழி, துணை அல்லது தனிமை, வலியிலிருந்து காப்பு என ஐந்து தேவைகள். அதில் நான் எடுத்துக்கொள்ள விரும்புவது 10ஆம் பிரிவு. ஆய்வாளர் வந்து பார்த்து, என்ன குறை, என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று எழுதிக் கொடுக்கிறார். சரிசெய்துவிட்டால் வழக்கு இல்லை. மாடிப்படி வீட்டுக்காரர் கொடுமைக்காரர் இல்லை. அவருடைய அப்பாவும் அப்படித்தான் கட்டினார். அவருக்கு வேண்டியது கோர்ட் இல்லை, 15 நாள் கெடு போட்ட ஒரு தாள்.

நம் சட்டத்தில் அந்தத் தாள் இல்லை. வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலிலும் இந்த உட்பிரிவு இல்லை. 2022இல் அபராதத்தை உயர்த்த ஒரு வரைவு கருத்துக் கேட்புக்கு வந்தது, 50 ரூபாய் இன்னும் நகரவில்லை.

என் தேர்வைக் கேட்டால்: சங்கிலிக்கு ஜெர்மனி, ஃபிளாட்டுக்குச் சுவீடனின் ஆறு மணி நேரம், நடைமுறைக்கு இங்கிலாந்தின் தாள். டுரின் வேண்டாம். ‘நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை’ என்போமே, அந்த மாடிப்படி நாய்க்கு இரண்டும் தலைகீழ். காவல் வேலை உண்டு, நாள் முழுக்க நிற்கத்தான் நேரம். போன வாரம் அவர்களே சங்கிலியை ஆறடியாக மாற்றியிருக்கிறார்கள். இப்போது கேட்டுவரை வந்து மூக்கை நீட்டுகிறது.