பூ மார்க்கெட் பில்லுக்கு ராபிட்எம்க்யூ: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நான் எழுதித் தந்த பில் மென்பொருளில், பூவை எடைபோட்டு விலை பதிந்தவுடன், கமிஷன் கழித்த தொகை விவசாயியின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். முகூர்த்த நாள் விடியற்காலையில் குறுஞ்செய்திச் சேவை ஒவ்வொன்றுக்கும் பல விநாடிகள் எடுத்துக்கொண்டதால், மல்லிகை மூட்டைகள் தராசின் முன் தேங்கின. ஆகவே பில் நிரல் செய்தியை க்யூ என்னும் காத்திருப்பு வரிசையில் போட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போகட்டும், பின்னணியில் ஓடும் தனிச் சேவை அதை எடுத்து அனுப்பட்டும் என்று முடிவு செய்து, அத்தகைய க்யூக்களை நடத்தும் ராபிட்எம்க்யூ மென்பொருளைக் கடையின் கணினியிலேயே நிறுவினேன்.

2007இல் வெளிவந்து, எர்லாங் மொழியில் எழுதப்பட்ட இந்தத் திறமூல மென்பொருளை நிறுவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதன் மேலாண்மைப் பிளகின் என்னும் துணைநிரலை இயக்கி, 15672ஆம் போர்ட்டை உலாவியில் திறந்தால், காத்திருக்கும் செய்திகள் எத்தனை, எடுத்துக்கொண்டும் முடிக்கப்படாதவை எத்தனை என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. இந்தப் பக்கத்துக்காகவே இதைப் பரிந்துரைக்கலாம்.

சிக்கல், எடுத்த செய்தியின் வேலை முடிந்தது என்று க்யூவுக்குச் சொல்லும் 'அக்' என்னும் ஒப்புகையில்தான் இருக்கிறது. பயிற்சிக் குறிப்புகளில் பார்த்தபடி நான் முதலில் தானியங்கி ஒப்புகையை வைத்திருந்தேன். அந்த முறையில், செய்தியைப் பின்னணிச் சேவையிடம் கொடுத்த கணத்திலேயே வேலை முடிந்ததாக ராபிட்எம்க்யூ கணக்கு வைத்துவிடும். ஒரு நாள் காலை அந்தச் சேவையை நான் மறுதொடக்கம் செய்தபோது, அதன் நினைவகத்தில் காத்திருந்த அத்தனை செய்திகளும் போயின. வலையங்குளத்திலிருந்து ஒருவர், "சீட்டு வரலையே தம்பி" என்று அழைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பிழை என்னுடையதுதான் என்றாலும், இவ்வளவு பெரிய விளைவுள்ள ஒரு தேர்வு நிரலில் 'ஆம்' என்று பொருள்படும் ஒற்றை 'ட்ரூ'வில் ஒளிந்திருப்பது எனக்கு உவப்பாக இல்லை.

இப்போது குறுஞ்செய்தி போன பிறகே சேவை ஒப்புகை தருகிறது. ஒரு நேரத்தில் பத்துக்கு மேல் எடுக்காதபடி ப்ரீஃபெட்ச் அளவையும் வைத்திருக்கிறேன், ஏனெனில் அதைக் குறிப்பிடாவிட்டால் வரம்பே இல்லை. இதற்கும் ஒரு விலை உண்டு. செய்தி போய், ஒப்புகை போகும் முன் இணைப்பு அறுந்தால் அதே செய்தி மீண்டும் வரும்; இரண்டு சீட்டு வந்த விவசாயி இரட்டைப் பணம் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. எனவே அனுப்பிய பில் எண்ணைத் தரவுதளத்தில் பதிந்து, ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொள்கிறேன். அனுப்புவதற்கும் பதிவதற்கும் இடைப்பட்ட நொடியில் மின்சாரம் போனால் இரட்டைச் சீட்டு போகத்தான் செய்யும்.

ஒன்பது இலக்கக் கைபேசி எண் ஒன்று இன்னொரு பாடம் கற்பித்தது. அதை அனுப்ப முடியாமல் சேவை திருப்பி வைக்க, க்யூ உடனே மீண்டும் கொடுக்க, இந்தச் சுற்று ஓயாமல் நடந்து கணினி மின்விசிறி இரைந்தது. ராபிட்எம்க்யூவின் பழைய வகையான கிளாசிக் க்யூவில் இதற்குத் தடை கிடையாது. 2024இல் வந்த 4.0 பதிப்பில், செய்தியின் நகலைப் பல கணினிகளில் வைக்கக்கூடிய கோரம் க்யூ வகையில், இப்படித் திரும்பக் கொடுப்பதற்கு இயல்பான வரம்பு 20 முறை. ஆனால் தவறிய செய்திகளை வேறொரு க்யூவுக்குத் திருப்பிவிடும் டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்சை அமைக்காவிட்டால், வரம்பைத் தாண்டிய செய்தி அப்படியே கைவிடப்படும்.

வட்டில் 50 எம்பிக்குக் கீழே இடம் குறைந்தால்தான் புதிய செய்திகளை நிறுத்தும் இயல்பமைப்பும் போதாது. பில் தரவுதளமும் அதே வட்டில் இருப்பதால் 2 ஜிபிக்கு உயர்த்தினேன். இவ்வளவையும் சரிசெய்த பின் சேவை ஒரு முகூர்த்த நாளிலும் தடுமாறவில்லை. அப்படித் திருப்பப்பட்ட செய்திகள் சேரும் 'தவறியவை' க்யூவைக் கணக்குப்பிள்ளை நாள்தோறும் பார்க்கிறார். இன்று அதில் மூன்று செய்திகள் இருந்தன, மூன்றிலும் எண்ணில் ஒரு இலக்கம் குறைவு.