தற்காப்பு வழக்கறிஞர்: அரசு அலுவலகமா, தனியாரா?

சிங்கப்பூரில் குற்றவியல் வழக்கில் சிக்கி, வழக்கறிஞருக்குச் செலவழிக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் அரசு அலுவலகம் ஒன்று உண்டு. 2022 டிசம்பரில் தொடங்கிய அந்தப் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம். சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ, குடும்பத்தில் தலைக்கு மாத வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் (தொடக்கத்தில் 1,500 வெள்ளி) இருந்தால் விண்ணப்பிக்கலாம். சேமிப்பு, வீட்டின் ஆண்டு மதிப்பு (வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகையின் மதிப்பீடு) ஆகியவற்றையும் பார்ப்பார்கள். அங்குள்ள வழக்கறிஞர்கள் குற்றவியல் வழக்குகளையே முழுநேரமாக நடத்துபவர்கள் என்பது பெரிய பலம். சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கறிக்கையையும் இணைக்காவிட்டால் விண்ணப்பம் இழுபடும்.

தனியார் வழக்கறிஞரிடம் சிக்கல் வருவது பெரும்பாலும் கட்டணக் கடிதத்தில். சொன்ன தொகை குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனைக் குறைப்புக்கு வாதிட மட்டும்தானா? குற்றச்சாட்டைக் கைவிடவோ குறைக்கவோ கேட்டு அரசுத் தரப்புக்கு எழுதும் கோரிக்கைக் கடிதம், பிணை மனு, விசாரணை நாள் ஒவ்வொன்றும் தனிக் கணக்கா? எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீதிமன்றத்தில் நிற்கப்போவது அவரா, அவருடைய இளைய வழக்கறிஞரா என்பதையும்தான்.

முதல் சந்திப்புக்குக் குற்றச்சாட்டுத் தாள், பிணைப் பத்திரம் இரண்டும் கட்டாயம். “ஜெயித்தால்தான் பணம்” என்ற ஏற்பாடு குற்றவியல் வழக்கில் அனுமதிக்கப்படாதது. அப்படிச் சொல்பவரிடமும், விடுதலைக்கு உத்தரவாதம் தருபவரிடமும் முன்பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தொழில் உரிமம் நடப்பில் உள்ளதா என்பதைச் சட்ட அமைச்சின் இணையத்தளத்தில் பெயரைத் தேடியே பார்த்துவிடலாம்.